முன்னாலேயே கட்டிய ஐந்து தவணை

என் அகத்துக்காரர் பஞ்சாபகேசன் யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கமாட்டார். கல்யாணமான புதிதில் என் அம்மா இதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நானும் பட்டேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு சாண் இடம்கூட வாங்க முடியாது என்பது பம்பாய்க்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மாடுங்காவில் நாங்கள் குடியிருந்தது அவருடைய அண்ணா வேங்கடசுப்ரமணியன் பேரில் இருந்த ரூம். ஒரே ரூம். மூலையில் சமையல் மேடை, வெளியே நீளமான வராந்தா, அதன் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அண்ணா, மன்னி, அவர்கள் குழந்தைகள் மூன்று, நாங்கள் இரண்டு பேர், எங்கள் பெண் குழந்தை ஒன்று. ஆக எட்டுப் பேர். நடுவில் கயிறு கட்டி என் பழைய பச்சைப் புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நான் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மன்னி, "சுக்குக் கஷாயம் வெச்சுக்கோயேன்டி" என்பாள். அவரோடு சண்டை போட வேண்டுமானால்கூடக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பாலத்துக்குப் போய், ரயில் வருகிற சத்தத்தில்தான் போட வேண்டும்.

மன்னி கெட்டவள் இல்லை. அண்ணாவும் அப்படித்தான்; இவருக்கு ஃபோர்ட்டில் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது வெளியே போயிருப்பேன். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் மூச்சுவிடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் செம்பூரில் நம்மவர்கள் சேர்ந்து ஒரு வீட்டு சொசைட்டி ஆரம்பித்தார்கள். இரண்டு ரூம், தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய். முதலில் ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அறுபத்தைந்து ஜனவரி கடைசிக்குள் இன்னும் ஆயிரத்தைந்நூறு. பாக்கியைப் பதினைந்து வருஷத்தில் மாதாமாதம் கொடுத்தால் போதும். ஜனவரி கடைசி தாண்டினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

என் கை வளையல் நாலையும் விற்று ஆயிரம் கட்டினோம். மூன்றாம் நம்பர் வீடு எங்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆயிரத்தைந்நூறுக்கு எங்கே போவது? ஆபீஸில் வேலை செய்கிறவர்களே நடத்துகிற கடன் சொசைட்டி ஒன்று இருந்தது. அதில் வட்டி குறைவு. இவர் உறுப்பினர்தான், பத்து வருஷமாகப் பங்குப் பணம் கட்டிக்கொண்டு வருகிறார். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அதனால் கேட்டவுடனே கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார். பேயறைந்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

"என்னாச்சுன்னா?"

"பேர் இல்லைங்கறா."

"என்ன பேர்?"

கடன் சொசைட்டி செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன் இவரிடம் சொன்னாராம்: "பஞ்சாபகேசன், உங்க பேர்ல ஏடு காலியா இருக்கு. கடனே வாங்காதவர் எப்படித் திருப்பிக் கட்டுவார்னு கமிட்டிக்கு என்ன தெரியும்? உங்க அண்ணாவைப் பாருங்கோ. அந்த மாதிரி பேர் இந்த ஆபீஸ்ல யாருக்கு இருக்கு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணா வாங்காத கடன் இல்லை. ரேடியோவுக்குக் கடன், திருப்பதி போய்வரக் கடன், மன்னியின் தங்கை கல்யாணத்துக்குக் கடன். ஒன்று முடிகிற மாதமே அடுத்ததற்கு மனு போட்டுவிடுவார். ஆனால் தவணைத் தேதி தவறமாட்டார். அவருக்குத்தான் பேர். ராத்திரி பகல் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனில்லாமல் இருந்த இவருக்கு ஏடு காலி.

செக்ரட்டரி ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். முந்நூறு ரூபாய் சின்னக் கடன் வாங்க வேண்டும். மாதம் இருபத்தாறு ரூபாயாகப் பன்னிரண்டு தவணை, ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குள் கவுண்டரில் கட்ட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் ஏட்டில் சிவப்பு மசியில் கோடு விழும். கோடு விழாமல் முடித்துவிட்டால் பேர் வந்துவிடும், அடுத்த ஜனவரியில் ஆயிரத்தைந்நூறும் வந்துவிடும்.

அறுபத்து நாலு ஜனவரி பிறந்தவுடனே, தேவையே இல்லாத முந்நூறு ரூபாயைக் கடனாக வாங்கி வந்தார். அண்ணாதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். "இப்பத்தான்டா நீ மனுஷன் ஆகறே" என்று முதுகில் தட்டினார். அந்தப் பணத்தை நாங்கள் தொடவில்லை. ஒரு டப்பாவில் போட்டு, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அந்த மாதம் ஏழாம் தேதியிலிருந்தே தவணை; அது சம்பளத்திலிருந்துதான் போயிற்று. அதற்காகக் காபியை ஒரு வேளையாக்கினேன்.

கடன்காரராகிவிட்ட இவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது சாதத்துக்குக் கை மறித்துவிடுவார். மாதம் பிறந்தால் ஏழாம் தேதி வரைக்கும் பேச்சே கிடையாது. மூன்றாம் தேதியே கட்டிவிடலாமே என்றால், அதற்குள் ரசீதுப் புத்தகம் வரவில்லை என்று கிளார்க் திருப்பி அனுப்பிவிடுவானாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் குர்லாவில் வண்டி மாறி மூன்று பேரும் செம்பூர் போவோம். அங்கே அப்போது ஒரே சேறும் செடியுமாக இருந்தது. காற்று மாறினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நாற்றம் குடலைப் பிடுங்கும். எனக்கு அது மணந்தது. இடுப்புயரம் எழும்பியிருந்த சுவருக்குள் புகுந்து, சமையலறைக் குழாய் வரப்போகிற இடத்தில் போய் நின்றுகொள்வேன். "இங்க அடுப்பு. இங்க தொட்டி. கதவைச் சாத்திண்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்" என்பேன். அவர் சிரிப்பார். அந்த வருஷம் அவர் சிரித்தது அங்கே மட்டும்தான்.

ஜூலை ஏழாம் தேதி மழை கொட்டிற்று. ரயில் நின்றுவிட்டது, பஸ்ஸும் இல்லை. அண்ணா லீவு போட்டுவிட்டு, "என் தவணையை ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட நேத்தே குடுத்து வெச்சுட்டேன். அதெல்லாம் பழக்கம் வேணும்டா" என்று படுத்துக்கொண்டார். இவர் இருபத்தாறு ரூபாயை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தலையில் துண்டால் கட்டிக்கொண்டு, மாடுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கு நடந்தே கிளம்பினார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் திரும்பவில்லை. போகிற வழியில் ஹிந்துமாதா பக்கம் கழுத்தளவு தண்ணீர், திறந்துகிடந்த சாக்கடைக் குழியில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். நான் புடவைத் திரையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதேன், குழந்தைகள் கேட்கக்கூடாதே என்று. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். காலெல்லாம் கிழிந்து ரத்தம். சட்டைப் பையில் ரசீது மட்டும் நனையாமல் இருந்தது. மூன்றே முக்காலுக்குக் கட்டினாராம். கட்டிவிட்டு ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்திருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அரிசி டின்னுக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தது நான்தான். பாக்கி ஐந்து தவணை, நூற்று முப்பது ரூபாய். எண்ணி அவர் கையில் வைத்தேன். "மொத்தத்தையும் கட்டித் தொலைச்சுட்டு வாங்கோ. ஆகஸ்ட்லயும் மழை வரும். எனக்கு இன்னொரு ஏழாந்தேதி வேண்டாம்" என்றேன்.

"பன்னெண்டு தவணைன்னாரே?" என்று இழுத்தார்.

"முன்னாடியே கட்டினா வேண்டாம்பாளா? இன்னும் நல்ல பேர்தானே வரும்?"

அவருக்கும் அதுதான் ஆசை. அடுத்த நாளே கட்டிவிட்டார். கடன் பாக்கி இல்லை என்று முத்திரை குத்தின சீட்டை வாங்கிக்கொண்டு, கூடவே மல்லிகைப்பூவும் கால் கிலோ அல்வாவும் கொண்டுவந்தார். அந்தச் சீட்டை எங்கள் பக்கத்துச் சுவரில் சுவாமி படத்தோடு ஒட்டினேன். ஆறு மாதம் தினமும் அதற்கும் சேர்த்து விளக்கேற்றினேன். மாதாமாதம் மிச்சமான இருபத்தாறில் செம்பூர் வீட்டுக்கு என்று ஒரு பித்தளைத் தவலைகூட வாங்கினேன்.

ஜனவரியில் பெரிய கடனுக்கு மனு கொடுத்தார். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கே இவரை இழுத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். அவரும் மாடுங்காதான், இரண்டு தெரு தள்ளி. காபி கொடுத்து உட்காரவைத்தார். நல்ல செய்தியாக இருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பார்.

"மாமி, விதி என்னன்னா பன்னெண்டு மாசம் தவணை கட்டியிருக்கணும். இவர் கட்டினது ஏழு மாசம். நடுவுல முடிச்ச கணக்கைச் சேர்த்துக்க மாட்டா."

"முன்கூட்டிக் கட்டினது தப்பா?"

"தப்பில்லை. ஆனா கணக்குல வராது."

"அப்படின்னா கட்டறப்பவே சொல்லியிருக்கலாமே?"

அவர் தலையைச் சொறிந்தார். "இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் முன்னாடியே கட்டினவா யாருமே இல்லை மாமி. சொல்லணும்னே யாருக்கும் தோணலை." பிறகு, "கமிட்டில ஒருத்தர் இன்னொண்ணும் கேட்டார். கையில பணத்தை வெச்சுண்டு எதுக்குக் கடன் வாங்கினார், வெளியில வட்டிக்கு விடறாரான்னு" என்றார்.

இவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையில் ரூபாயைக் கட்டிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரில் நடந்த மனுஷர் வட்டிக்கு விடுகிறாராம்.

"அந்தக் கணக்கைத் திரும்பத் திறந்துடுங்கோ. அஞ்சு தவணையையும் திரும்பக் குடுங்கோ, மாசாமாசம் கட்டறோம்" என்றேன்.

"முடிச்ச கணக்கைத் திறக்க முடியாது மாமி. புதுசா முந்நூறு வாங்கி, இன்னும் ஒரு வருஷம் கட்டட்டும்."

வீட்டு சொசைட்டிக்காரர்களிடம் ஒரு வருஷம் கேட்டோம். ஒரு மாதம்கூடக் கிடைக்காது, பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றார்கள். வெளியில் கேட்கலாமென்றால், கடன் கொடுக்கிற பட்டாணியன் கேட்கிற வட்டிக்கு இவர் சம்பளம் மொத்தமும் போதாது.

ஆபீஸ் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. அண்ணா ராத்திரிச் சாப்பாட்டில், "அவசரக்குடுக்கை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதோ? கடன்னா அதை வளர்க்கணும்டா, கழுத்தை நெரிக்கப்படாது" என்று இவரைப் பிடித்துக்கொண்டார். இவர் இலையைப் பார்த்தபடி மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். இவள்தான் சொன்னாள் என்று ஒரு பார்வைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. வெட்கத்தில் நெஞ்சு வெந்தது, அப்படியும் மோர்தான் பரிமாறினேன்.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணா ஒரு யோசனையோடு வந்தார்.

"இடம் வெளியாள் கைக்குப் போவானேன்? என் பேருக்கு மாத்திக்கறேன். ஆயிரத்தைந்நூறு எனக்குக் கண்ணை மூடிண்டு குடுப்பா, அனந்தகிருஷ்ணனைக் கேட்டுட்டேன். இந்த ரூமைத் திருப்பிக் குடுத்தா குடிவந்தப்ப வாங்கிண்ட பகடிப் பணத்துல பாதியை வீட்டுக்காரன் தருவான், அது மேல் செலவுக்கு ஆச்சு. நீ கட்டின ஆயிரத்தை மாசாமாசம் குடுத்துடறேன்டா."

"நாங்க எங்க போறது, அண்ணா?" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"நன்னாருக்கே. எங்களோடதான்" என்றார் அவர்.

மன்னி உற்சாகமாக, "வாசல் ரூம்ல ரேடியோவை வெச்சுக்கலாம்டி, நாலு பேர் வந்தா உட்காரணுமே. உள் ரூம்ல எல்லாரும் படுத்துக்கலாம். உன் பச்சைப் புடவை இருக்கவே இருக்கு" என்றாள். அவள் மனசில் ஒரு கபடமும் கிடையாது.

அண்ணா மனுத் தாளை விரித்தார். "ஒரே ஒரு சிக்கல். பெரிய கடனுக்கு ரெண்டு ஜாமீன் வேணும். சின்னக் கடன் மாதிரி இல்லை, இதுக்குத் தன் பேர்ல கடன் பாக்கி இருக்கறவா ஜாமீன் போடப்படாது. பியூன்ல ஒருத்தனைப் பிடிச்சுட்டேன். நம்ம செக்‌ஷன்ல பார்த்தா அத்தனை பேரும் கடன்காரன். பாக்கி இல்லாத ஒரே ஆள் நீதான்டா பஞ்சு."

இவர் தாளைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பெரிய கடனுக்கு ஜாமீன் போட்டா அது அடையற வரைக்கும் என் பேர்ல எதுவும் வாங்க முடியாது. அஞ்சு வருஷம்" என்றார் மெல்ல. மெல்லச் சொன்னாலும் அந்த ரூமில் எல்லோருக்கும் கேட்கும்.

போடாவிட்டால் மூன்றாம் நம்பர் வீடு ஊர் பேர் தெரியாதவனுக்குப் போகும். இந்த ரூமில் மறுபடி எட்டுப் பேர். என் வளையல் பணத்தைத் திருப்பி வாங்கவும் அலைய வேண்டும். போட்டால் என் சமையலறையில் மன்னி சமைப்பாள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நூற்று முப்பது ரூபாய் வந்து நின்றது.

"போடட்டுமா? நீ சொல்லு" என்றார். இந்தத் தடவையும் என்னைத்தான் கேட்டார்.

சுவாமி படத்துக்குக் கீழே இருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தேன். "போடுங்கோ."

கையெழுத்துக்குக் கீழே ஒட்டுவதற்காகச் சுவரிலிருந்த பாக்கி இல்லை சீட்டையும் அண்ணா கேட்டார். கிழியாமல் பிய்த்துக் கொடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது.

அண்ணா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றிற்றோ, ஆறுதலாகச் சொன்னார்:

"கவலையே படாதே ஷ்யாமளா. பஞ்சு பேருக்கு என்னால ஒரு கெடுதலும் வராது. அறுபது தவணைன்னா அறுபது தவணை. ஒரு நாள் பிந்தவும் மாட்டேன், ஒரு நாள் முந்தவும் மாட்டேன்."

அண்ணா சொன்ன சொல் தவறாதவர். செம்பூருக்கு வந்து இது பதினாலாவது மாதம்.