அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்

லாரி ஓட்டுநர் சங்கத்துக்கு வெப்சைட் செய்து தரும் வேலை சிவரஞ்சனிக்கு வந்தது. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவள் ஐந்து வருடமாக இதே வேலைதான் பார்க்கிறாள். உறுப்பினர் பக்கத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் காதர் ஒரு தாளில் எழுதியே கொண்டு வந்துவிட்டார். பெயர், ஊர், லைசென்ஸ் நம்பர், ரத்த வகை. கடைசியாக, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயர், உறவு, போன் நம்பர்.

"கடைசி மூணையும் எவனும் வெறுமன விடக் கூடாதும்மா. ரோட்டுல எங்கனயாச்சும் விழுந்து கெடந்தா வீட்டுக்குச் சொல்லணும்ல."

அவள் அந்த மூன்று ஃபீல்டுகளுக்கும் 'கட்டாயம்' என்று டிக் போட்டாள். பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிரப்பாமல் விட்டால் எதுவும் சேவ் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் பதிவு நடந்தது. எண்பது பேருக்கு மேல் வரிசை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு அவளே டைப் செய்தாள். செட்டியார்பட்டி ஓட்டுநர் சமுத்திரம் மற்ற எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னவர், அவசர நம்பர் என்றதும் கையை அசைத்தார்.

"அத விட்ரு தாயி."

"விட முடியாது அண்ணாச்சி. விட்டா சேவ் ஆகாது."

"எனக்கு ஒரு மகதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கா. எம் போன எடுக்க மாட்டா."

பின்னால் நின்றவர்கள் சலிக்கத் தொடங்கினார்கள். "நம்பர் ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, ஆளு நிக்கி" என்றாள் சிவரஞ்சனி. அவர் திரைப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு வெங்கடேஸ்வரி என்றார். உறவு, மனைவி. நம்பரை எங்கேயும் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னார். அவள் டைப் செய்தாள், சேவ் ஆனது. அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை காதர் சென்டருக்கே வந்தார். வழக்கமாக வாசலில் நின்று அதட்டிப் பேசுகிறவர், உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செட்டியார்பட்டி சமுத்திரம் போயிட்டாருமா. ஆந்திராவுல ஓங்கோல் பக்கம் வண்டிய ஓரங்கட்டிட்டு அப்படியே சாஞ்சிருக்காரு. பக்கவாதமாம்."

சட்டைப்பையில் இருந்த சங்க அட்டையைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து காதருக்குப் போன் வந்திருக்கிறது. வெப்சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். மனைவி நம்பர் இருந்தது; கொடுத்தார். தானும் இரண்டு தடவை அடித்தார். ரிங் போனது. ஆஸ்பத்திரிக்காரர்களே எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் சமுத்திரம் இறந்தார். ஒன்றரை நாள் நினைவு இருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை என்று நர்ஸ் சொன்னாளாம்.

"இன்னும் யாரும் எடுக்கலம்மா. வீட்டுக்கே போயிச் சொல்லிருவோம். பொம்பளையாளு ஒண்ணு கூட வந்தா நல்லாருக்கும்."

செட்டியார்பட்டியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் காதர் விசாரித்தார்.

"வெங்கடேஸ்வரியா? அவ செத்து ஒரு வருசமாச்சேய்யா!"

சிவரஞ்சனி தன் போனை எடுத்து அந்த நம்பரை அடித்தாள். பூட்டிய கதவுக்கு உள்ளே ஒரு போன் மணி அடித்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருந்தது. உள்ளே, மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே, சார்ஜரில் மாட்டியபடி ஒரு பட்டன் போன். முப்பத்தொரு மிஸ்டு கால். புது நம்பர்களுக்கு எல்லாம் கீழே ஒரே பெயர் வரிசையாக வந்தது. 'லாரி'. திங்கள் சாயங்காலம், ஞாயிறு சாயங்காலம், சனி சாயங்காலம். வெங்கடேஸ்வரி தன் புருஷனை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தாள். ஆள் எடுக்காத போனுக்கு வண்டியிலிருந்து தினமும் அவர் கூப்பிட்டிருக்கிறார்.

காதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் செல்லக்கனியின் நம்பர் அதிலேயே இருந்தது. அந்தப் போனிலிருந்து கூப்பிட சிவரஞ்சனிக்கு மனம் வரவில்லை. செத்துப்போன அம்மாவின் பெயர் அந்தப் பிள்ளையின் திரையில் வந்தால் என்ன ஆகும்? தன் போனிலேயே அடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்லக்கனி ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் விருப்பப்பட்டவனைக் கட்டிக்கொண்டதற்காக, அம்மாவின் சாவைக்கூட, உடம்பை எரித்த பிறகுதான் சமுத்திரம் அவளுக்குச் சொல்லியிருந்தார். அன்றோடு பேச்சு அற்றுப்போனது.

செல்லக்கனி அழவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"ஒன்றரை நாளா உசிரோட இருந்தாரா?"

"ஆமா" என்றாள் சிவரஞ்சனி.

"நான் எடுத்துருப்பேனே. எங்கப்பா போனத்தான் எடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலருந்துன்னா எடுத்துருப்பேனே."

சிவரஞ்சனி பதிவு நாளில் வரிசையில் நடந்ததைச் சொன்னாள். அவர் விட்ரு தாயி என்று கேட்டதையும், தான் அவசரப்படுத்தியதையும் சொன்னாள். அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தால் காதர் செவ்வாய்க்கிழமையே ஊரில் ஆளனுப்பி விசாரித்திருப்பார். செல்லக்கனி அவளைத் திட்டவில்லை. உடம்பைக் கொண்டுவரப் போன வண்டியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் செட்டியார்பட்டியில் கொள்ளி வைத்தவளும் அவள்தான்.

திங்கட்கிழமை சிவரஞ்சனி அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்று நட்சத்திரங்களையும் எடுத்தாள். 'கூப்பிட ஆள் இல்லை, சங்கமே பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அதோடு அவளுக்கு மனசு ஆறவில்லை. பதிவில் இருந்த நம்பர்களை எல்லாம் தானே ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள்.

முதல் நம்பரை மகாராஜபுரத்தில் ஒரு பெண் எடுத்தாள். ஓட்டுநர் சங்கத்திலிருந்து பேசுகிறேன் என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் அங்கே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"அய்யோ, அவுகளுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல. நம்பர் சரியான்னு பாக்கத்தான் அடிச்சேன்."

அந்த அம்மா நம்பவில்லை. போனை வைத்துவிட்டு முதலில் புருஷனைக் கூப்பிட்டுப் பேசினாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, சிவரஞ்சனியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். சிவரஞ்சனி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பட்டியலில் அடுத்த நம்பரை அடித்தாள்.