கால் கிலோ குறைந்த வாரம்

பிணம் தூக்கக்கூடத் தெரியாத காலமாகிவிட்டது. வேனிலிருந்து இறக்க நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரு கைதான் காலி, மறு கையில் செல்போன். ஒருவன் காலைப் பிடிப்பதா போர்வையைப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றான். பெரியவரின் மகள் ஆபீசில் வேலை பார்க்கிறவனாம் இன்னொருவன், "அப்படியே லெஃப்ட்ல வாங்க, லெஃப்ட்ல வாங்க" என்று பீரோ இறக்க வந்தவன் மாதிரி வழி சொன்னான். வாசற்படியில் கால் தட்டி, போர்வை ஒரு பக்கம் சரிந்தது.

"தள்ளுங்கடா அந்தப் பக்கம்" என்றார் பெரியவர். "மூட்டை தூக்கத் தெரியாதவன் எல்லாம் மனுசனைத் தூக்க வந்துட்டான்."

எழுபத்தோரு வயது. பெற்ற மகனைத் தூக்கக் கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் குட்டையன் நின்றான். தானியக் கிடங்கில் பதினைந்து வருடம் அவர் தூக்கிய மூட்டைக்கு எதிர் முனை பிடித்தவன். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வந்து காலைப் பிடித்தான். பெரியவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். "ம்" என்றார். இருவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

வாசலிலிருந்து கூடத்து பெஞ்சுக்கு ஏழு எட்டு வைத்திருப்பார்கள். மூன்றாவது எட்டிலேயே அவர் கைக்குத் தெரிந்துவிட்டது.

கிடங்கில் அவருக்குப் பெயர் தராசு. பதினைந்து வருடம் தூக்கி, அதற்கப்புறம் எடை போடுகிறவராக இருந்தவர். வியாபாரிகள் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். மூட்டையை ஒரு தரம் தொடை வரைக்கும் தூக்கி இறக்கிவிட்டு எண்ணைச் சொல்வார். பிறகு மேடைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். சாக்கு எடையையும் அவரே கழித்துச் சொல்லிவிடுவார். நாற்பது வருடத்தில் அவர் தோற்று வாங்கிக் கொடுத்த டீயை விரல் விட்டு எண்ணலாம்.

போர்வை ஒன்றேகால். அது போக நாற்பத்து மூன்று.

பெஞ்சில் கிடத்தினார்கள். குட்டையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவனுக்கும் கை இருக்கிறதே.

"என்னய்யா இது..." என்று ஆரம்பித்தான்.

"காலை நேரா வை" என்றார் பெரியவர்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்ன எடை அறுபத்தொன்று.

மகன் மின்கம்பி வேலைக்காரன். நல்ல வேலைக்காரன்தான். முதலில் குடி வந்தது, பிறகு குடியோடு மாத்திரை வந்தது. மின்விசிறி மாட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவா தெரியாது? வீட்டிலிருந்த இரண்டையும் கழற்றி விற்றான். அதற்கப்புறம்தான் பெரியவரும் மகளும் வைத்தியம் தேடி அலைந்தார்கள். முதலில் போன இடத்தில் வாசலிலேயே மீன் தொட்டி. நாள் வாடகை சொன்னார்கள், ஏசி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்கள். "மீனைப் பார்க்கறதுக்கும் சேர்த்தா இந்தக் காசு?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டாவது தர்மத்துக்கு நடத்துகிற இடம். நான்கு மாதம் கழித்து வரச் சொன்னார்கள், அதுவரை குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"குடிக்காம இருக்கத் தெரிஞ்சா அவன் எதுக்கு இங்க வரான்?" என்றார் பெரியவர்.

மூன்றாவது இடத்தை மகள் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே, நீலக் கேட். தினமும் டாக்டர் வருவார், நான்கு மாதத்தில் ஆளை மனிதனாக்கித் தருவோம் என்றார்கள். முதல் மூன்று மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போன், அதுவும் மகளின் நம்பருக்கு. பணத்தில் பாதி அவருக்குக் கிடங்கு கொடுத்த ஓய்வுப் பணம், பாதி மகளின் சேமிப்பு.

பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. கதவைப் பூட்டி வைக்கிறவன் சொல்வதைப் பூட்டுக்கு வெளியே நிற்கிறவன் எப்படி நம்புவது? மகனிடம் பேசவும் அவருக்கு இஷ்டமில்லை. அம்மா மேல் சத்தியம், அக்கா மேல் சத்தியம், எல்லாம் பண்ணித் தீர்த்த வாய் அது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க பாரு. அவன் போன்ல அழுவான், சிரிப்பான், என்ன வேணா சொல்லுவான். அவன் வாயிலேருந்து வர்ற ஒரு சொல்லைக்கூட நம்பாதே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவனை மெஷின்ல ஏத்தச் சொல்லி எடை என்னன்னு கேளு. அதை மட்டும் எங்கிட்ட சொல்லு. நாக்கு பொய் சொல்லும், முள்ளு சொல்லாது."

சேர்த்த அன்று கிடங்கு மேடையில் அவரே ஏற்றி நிறுத்திப் பார்த்தது ஐம்பத்திரண்டு. முதல் ஞாயிறு ஐம்பத்திரண்டரை என்றாள். அடுத்து ஐம்பத்து நான்கு. ஐந்தாவது வாரம், "கால் கிலோ குறைஞ்சிருக்காம்ப்பா, சளி பிடிச்சிருந்ததாம்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு முழு நம்பிக்கை வந்தது. பொய் சொல்கிறவன் ஏற்றித்தான் சொல்வான், குறைத்தா சொல்வான்? அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பதினோரு மணிக்கு அந்த நீலக் கேட் இல்லத்து வார்டன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூவளையம், கக்கத்தில் ஒரு ஃபைல். பூவளையத்தை மகனின் காலடியில் வைத்துவிட்டு, பெரியவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் ரொம்ப அதிர்ச்சிங்க ஐயா. தங்கமான பையன். காலையில எழுப்பப் போறோம், எழுந்திரிக்கலை. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுடுச்சு. கொடுத்து வெச்ச சாவு."

"டாக்டர் எப்ப பார்த்தாரு?"

"உடனே போன் பண்ணிக் கேட்டோம்."

"தினம் வருவாருன்னீங்களே. நேத்து வந்தாரா?"

"அவருக்கு ரெண்டு மூணு சென்டர் இருக்குங்கய்யா. தேவைன்னா வருவாரு."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். இது அவர் எதிர்பார்த்ததுதான். ஊரான் ஏமாற்றினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவனுக்கு அது பிழைப்பு.

"கடைசியா எவ்வளவு எடை இருந்தான்?"

"எடையா?"

"ஞாயித்துக்கிழமை ஏத்திப் பார்ப்பீங்களே."

வார்டன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். சாவு வீட்டில் வயதானவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவது அவருக்குப் பழக்கம் போலிருந்தது. "நாங்க யாரையும் எடை பார்க்கறதில்லைங்கய்யா. எங்ககிட்ட மெஷினே கிடையாது."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். மகள் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வார்டன் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். எழுந்து, யாரையும் பார்க்காமல், அடுக்களைக்குப் போனாள்.

அவரும் போனார். கதவைச் சாத்தவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியின் முன்னால் அவள் நின்றாள்.

"அம்பத்து நாலு" என்றார். "யாரு சொன்னா?"

"அப்பா, இப்ப வேண்டாம்ப்பா."

"அம்பத்தேழரை? அறுபத்தொண்ணு? எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான்."

"அந்தக் கால் கிலோ?"

அவள் குழாயை மூடினாள். "ஏறிக்கிட்டே போனா நீங்க சந்தேகப்படுவீங்கன்னு."

அவருடைய வித்தையை அவரிடமே காட்டியிருக்கிறாள். நாற்பது வருடம் எத்தனை பேர் ஈரச் சாக்கும் கல்லும் வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள். ஒருத்தனுக்கும் இந்த மூளை வரவில்லை.

"மொத வாரமே கேட்டேன்ப்பா. மெஷின் இல்லைன்னாங்க. அதைச் சொன்னா அன்னைக்கே போய் இழுத்துக்கிட்டு வந்திருப்பீங்க."

"ஆமா. இழுத்துக்கிட்டுத்தான் வந்திருப்பேன்."

"வந்து? மறுபடி குடிப்பான். மறுபடி நான் நடுராத்திரி ரோட்டு ரோட்டா தேடணும். வேற எங்க சேர்க்கறது, வேற எங்க பணம் இருக்கு? நாலு மாசம் எப்படியாவது ஓடிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"அவன் பேசினான்ல உங்கிட்ட. என்ன சொன்னான்?"

அவள் மறுபடி குழாயைத் திறக்கக் கையை நீட்டினாள்.

"என்னடி சொன்னான்?"

"சாப்பாடு இறங்கலைன்னான்." "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குன்னான். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாக்கா, அப்பா என்னைத் தூக்கிப் பார்த்தா அவருக்கே தெரியும்னான்."

"எப்ப?"

"ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசம்."

"எல்லாரும் அப்படித்தான் அழுவாங்க, நம்பாதீங்கன்னு வார்டன் சொன்னாரு. நீங்களும்தானேப்பா சொன்னீங்க? ஒரு சொல்லைக்கூட நம்பாதேன்னு?"

"அவனை நம்பாதேன்னேன்" என்றார் பெரியவர். "என்னை ஏமாத்துன்னா சொன்னேன்?"

"எனக்கு அவன் வேணும்னுதான்ப்பா செஞ்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். மூன்று வயதில் காய்ச்சலோடு தோளில் போட்டுக்கொண்டு நடந்த குழந்தை. அவர் படிக்காத குறைக்கு அவளைப் படிக்க வைத்தார். பேங்க்காரன் எழுதியது, கரண்டு ஆபீசில் கொடுத்தது, டாக்டர் சீட்டு, எதுவானாலும் அவள் படித்துச் சொன்னால்தான் அவருக்கு அது எழுத்து. உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் அவர் கழிவு போடாமல் எடுத்துக்கொண்டார்.

அவள் கையை நீட்டி அவர் தோளைத் தொட வந்தாள். அவர் நகர்ந்துகொண்டார்.

கூடத்தில் வார்டன் ஃபைலைத் திறந்து, ஒரு தாளை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். "ஐயா, இதுல ஒரு கையெழுத்து மட்டும். இது இருந்தாத்தான் டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பாரு. மூணு மணிக்கு மயானத்துல நேரம் கொடுத்திருக்காங்க. இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுவாங்க. அங்க அறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பாங்க. ரெண்டு நாள் ஆகும். பாவம், எதுக்கு?"

கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பாவம், எதுக்கு. செத்தவன் உடம்பைக் கிழித்து என்ன ஆகப்போகிறது. மகளின் ஆபீஸ்காரன் பேனாவையே எடுத்து நீட்டினான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் பெரியவர்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எப்போதும் வருவது மாதிரிதான். தாளை வாங்கிப் படித்தாள். "என் மகன் இயற்கையாக இறந்தான். இல்லத்தில் அவனுக்குத் தகுந்த உணவும் மருத்துவமும் தரப்பட்டது. அவன் சாவில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் மீதும் புகார் இல்லை. இது நானாகப் படித்துப் பார்த்து மனமொப்பிக் கையெழுத்திட்டது." ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். படித்து முடித்து அவரைப் பார்த்தாள். "அவ்வளவுதான்ப்பா."

பெரியவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட வேண்டாம்ப்பா" என்றாள் மெதுவாக. "இல்ல... போடுங்கன்னாலும் சரி. அவனை அறுக்கறதை நெனச்சா எனக்கு... நீங்க என்ன சொல்றீங்களோ அது."

அவர் தாளைப் பிடுங்கவில்லை. கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, வாசலில் இறங்கினார்.

"எங்கய்யா போறே?" என்றான் குட்டையன்.

"படிக்கத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானான்னு பார்த்துட்டு வர்றேன்."

தெருமுனையில் மருந்துக்கடை. கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மகன் இயற்கையாக இறந்தான். தகுந்த உணவும் மருத்துவமும். சந்தேகம் இல்லை. புகார் இல்லை. அவள் படித்ததில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவள் நிறுத்திய இடத்தில்கூட இவரும் நிறுத்தினார்.

"வேற ஒண்ணும் இல்லையே? அடியில பொடி எழுத்துல?"

"இல்லைங்க பெரியவரே."

"பின்னாடி?"

கடைக்காரர் திருப்பிக் காட்டினார். வெள்ளைத் தாள். "சாவு நம்ம அக்கா வீட்டுலயா? அக்கா இங்கதாங்க மருந்து வாங்குவாங்க. நேத்துக்கூட வந்தாங்களே..."

பெரியவர் தாளை வாங்கிக்கொண்டார். அவளுக்குப் பழக்கமான கடை.

வெயில் ஏறியிருந்தது. வீட்டு வாசலில் வேனின் பின்கதவு திறந்தபடியே இருந்தது. மகள் தெருவில் இறங்கி நின்று, நெற்றியில் கை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். அவர் பார்த்தார். கூப்பிடவில்லை. தாளை வேட்டி மடிப்பில் செருகவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அங்கே உட்காருகிற பெண்ணை அவருக்கும் தெரியாது, இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாக நடந்தார்.