சங்கில் கோழிச்சாறு

கட்டிலுக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலையே ஹம்சினி முறைத்துக்கொண்டிருந்தாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் பொடிக்கையில் அது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இவனுக்குக் குளுக்கோஸ் ஆகாது, அதனால்தான் பிறந்ததிலிருந்து தண்ணீராகப் பேதி போகிறது என்று சற்று முன்தான் டாக்டர் அஃப்சருன்னிசா சொல்லியிருந்தார். ஆகாததையே பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? வாய்விட்டுக் கேட்டும்விட்டாள்.

"நேரா ரத்தத்துல போனா ஒண்ணும் ஆகாதும்மா. வாய் வழியா போனாத்தான் தொல்லை" என்றார் டாக்டர். "குடல்ல இருந்து சர்க்கரைய உள்ள இழுத்துவிட ஒரு புரதம் இருக்கு. இவனுக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யல. சர்க்கரை குடல்லயே தங்கி, உடம்புத் தண்ணியையும் இழுத்துக்கிட்டு வெளிய போயிடுது."

"நான் சர்க்கரையே குடுக்கலியே டாக்டர். தாய்ப்பால் மட்டுந்தான். பேதி நிக்கலேன்னு உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"உங்க பால்ல இருக்கிற சர்க்கரையும் குடல்ல உடைஞ்சா அதேதான். உப்பு சர்க்கரைத் தண்ணியும் அந்தப் புரதம் வழியாத்தாம்மா ஏறணும்."

பால் நன்றாக ஊறட்டும் என்று, பிடிக்காத பூண்டையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றவள் ஹம்சினி. பிள்ளை வாட வாட, இன்னும் அடிக்கடி அள்ளி எடுத்துப் பால் கொடுத்திருந்தாள். ஊர் உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பிழைக்க வைக்கும் பால் இவனை மட்டும் ஏன் கொல்லப் பார்க்க வேண்டும்? யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"பழத்துல இருக்கிற சர்க்கரை வேற புரதம் வழியா போகும். அது ஒத்துக்கும்" என்றார் டாக்டர். "அந்தச் சர்க்கரை பொடியாவே கிடைக்கும். அதை எண்ணெயோட கலந்து, கோழிக்கறிய வேகவெச்சு நைசா அரைச்சு..."

எதிரில் நின்ற இருவரின் முகத்தையும் பார்த்து அவர் நிறுத்தினார்.

முட்டை கலந்ததென்று ஆபீஸில் கேக்கைக்கூடத் தொடாதவன் ஹம்சினியின் கணவன் ராகவேந்திரன். "பருப்பு ஜலம் குடுக்கப்படாதா?" என்றான்.

"பருப்புலயும் மாவு இருக்கு சார். உடைஞ்சா குளுக்கோஸ்தான்."

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவையும் துண்டுக் காகிதத்தையும் எடுத்தான். பிறகு, ஏதோ ரசத்துக்குப் பக்குவம் கேட்பவன்போல, "அதுல மஞ்சப்பொடி போடணுமா?" என்றான். ஹம்சினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

முதல் வேளைக்கு ஆஸ்பத்திரியிலேயே செய்து கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வெள்ளிச் சங்கில் வார்த்துப் புகட்டினாள். சப்புக்கொட்டிக் குடித்தான், படவா! இரண்டு நாளில் பேதி நின்றது. ராகவேந்திரன் உலர்ந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "நின்னுடுத்து, ஹம்சினி" என்றான். அவளும் தலையாட்டினாள். பிள்ளை பிழைத்துவிட்டான், அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் உறுத்துவது என்னவென்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அன்று சங்கைக் காலி செய்த பிறகும் அவன் உறங்கவில்லை. முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து, அவள் புடவையில் முட்டி முட்டித் தேடினான். ரவிக்கை நனைந்தது. சட்டென்று நடுவில் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

அவன் அந்த உள்ளங்கையைச் சப்பத் தொடங்கினான்.