படலையடியில் நின்ற சப்பாத்து

வெய்னுடைய சப்பாத்து நாறியது. அதை முதலில் ஒத்துக்கொண்டவன் வெய்ன்தான். அந்தப் பெருமையையாவது அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய பறங்கி வெல்டிங்காரன் ஒருவன் ஒரு சோடிச் சப்பாத்துக்குப் பயந்து மாதக்கணக்காக ஒரு வீட்டு வெளிவாசல் படலையடியிலேயே நின்றான் என்றால், வேறு எந்தப் பெருமைதான் அவனுக்கு மிச்சமிருக்கிறது?

சண்டை முடிந்த கையோடு மெல்பேணில் இருந்து சித்தப்பா மகள் றொஷெல் அனுப்பிய சப்பாத்து அது. நீல நிறம், பக்கத்தில் வெள்ளிக் கோடு. அதற்கு முன்னர் மட்டக்களப்பில் விடியற்காலையில் ஓடுகிறவனை ஆமிக்காரர் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இப்போது ஓடலாம். சீனி வியாதிக்கு ஓடத்தான் வேண்டும் என்று டாக்குத்தரும் சொல்லியிருந்தார். மேசு என்கிற காலுறையைப் போட்டால் கால் புழுங்கும் என்று வெய்ன் தானாகவே ஒரு கண்டுபிடிப்புச் செய்து, வெறுங்காலில் சப்பாத்தை மாட்டினான். அப்படிப்பட்ட மூளை அவனுக்கு.

கடற்கரைப் பக்கம் அவன் ஓடுவதில்லை. சுனாமி அன்று டச்பாரில் இருந்த வீட்டையும் அம்மாவையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே அவனுக்கு மனம் வரவில்லை. அதனால் வாவிக்கரையோரமாக ஓடினான். அங்கேதான் அருமைநாயகத்தின் வீடு இருந்தது. அருமைநாயகம் வாவியில் மீன் பிடிப்பவர். மகள் சுலோஜனா படலையடியில் இறால் விற்றுக்கொண்டிருந்தாள். புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன, ஆரும் துரத்துறாங்களா?”

இந்த ஒரு கேள்வியில் வெய்ன் விழுந்துவிட்டான். அவள் அடுத்ததாக, “சப்பாத்து நல்ல வடிவா இரிக்கு” என்றும் சொன்னாள். அன்று முதல் தினமும் இறால் வாங்கினான். வீட்டில் அவனுடைய அக்கா எடித் இறாலைக் கண்டாலே சிலுவை போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டாள்.

அருமைநாயகத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை தினமும் கூப்பிடுவாள். “உள்ளுக்கு வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன், தம்பி.”

“இல்லம்மா, நிண்டே குடிக்கிறன். ஓடோணும்.”

உள்ளே போவதென்றால் வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு தடவை வீட்டில் கழற்றியபோது நாய் எழும்பி வெளியே போயிருந்தது.

“செருப்பைப் போட்டுக்கொண்டு போயன்டா,” என்றாள் எடித். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட வரும் யோசனை. ஆனால் சுலோஜனா முதலில் மெச்சியது அவனை அல்ல, சப்பாத்தைத்தான். செருப்போடு போனால் வயிறு தள்ளிய ஒரு வெல்டிங்காரன் மட்டும்தான் மிஞ்சுவான் என்று வெய்ன் உண்மையாகவே பயந்தான்.

ஒரு வியாழக்கிழமை, இறாலைப் பையில் போட்டபடியே சுலோஜனா சொன்னாள். “ஞாயிற்றுக்கிழமை பனிச்சங்கேணியில இருந்து என்னைக் கேட்டு ஆக்கள் வாறாங்க. அப்பா ஓமெண்டு சொல்லப் போறார்.” பையை நீட்டியபடி, “நீங்க ஒண்டும் சொல்ல இல்லையா?” என்று கேட்டாள்.

வெய்ன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தான். “சனிக்கிழமை வாறன். உள்ளுக்கு வந்து அப்பாவோட கதைக்கிறன்,” என்றான்.

அதற்குப் பிறகு தொடங்கியது வைத்தியம். முதலில் எடித்தின் ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலைச் சப்பாத்துக்குள் கவிழ்த்தான். “செத்த வீட்டில பூ வச்ச மாதிரி மணக்குதுடா,” என்றாள் எடித். தேயிலைத்தூளைக் கொட்டி வைத்தான். சப்பாத்துக்குள் ஒரு நாறிய தேத்தண்ணிக்கடை உருவானது. வெயிலில் காயவைத்தான், அடுத்த வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தினார். கடைசியில் றொஷெலுக்குப் போன் எடுத்தான். பிறீசருக்குள் வை, கிருமியெல்லாம் விறைத்துச் செத்துப்போகும் என்று அவள் சொன்னாள். எடித் நத்தார்ப் பண்டிகைக்கென்று செய்த லவ் கேக் இருந்த பிறிஜ்ஜை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்குள்ள அதை வச்சா, நீயும் உள்ளுக்குத்தான்!”

ஆகவே மீன் யாவாரி வல்லிபுரத்திடம் போனான். வல்லிபுரம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சப்பாத்தைப் பையில் கட்டித் தன் மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்தான். சனிக்கிழமை காலையில் எடுத்தபோது அது கல்லாக விறைத்திருந்தது. பையில் ஒரு கிழிசல். வெய்ன் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான். ஒன்றுமே மணக்கவில்லை. ஐஸ் எந்த நாற்றத்தையும் தூங்கத்தான் வைக்கும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. மாட்டிக்கொண்டு சந்தோசமாக ஓடினான்.

கல்லடிப் பாலத்தில் கால் சூடேறியது. அருமைநாயகத்தின் வாசலுக்கு வந்தபோது சப்பாத்து முழுதாக விழித்துவிட்டது. பழைய நாற்றத்தோடு மீன் தண்ணீரும் சேர்ந்திருந்தது. திரும்பி ஓடலாமா என்று நினைத்தான். சுலோஜனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றிப் படிக்கு அப்பால் தள்ளிவிட்டு, கண்ணை மூடாத குறையாக உள்ளே போனான்.

அருமைநாயகம் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். “சொல்லுங்க தம்பி.”

வெய்ன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பூனை, பெரிய மீனொன்று அகப்பட்ட மகிழ்ச்சியில், ஒரு சப்பாத்தை நாடாவில் கவ்வி இழுத்துக்கொண்டு நடு வீட்டுக்குள் வந்தது. சீதேவிப்பிள்ளை முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அருமைநாயகம் எழும்பியே விட்டார்.

“என்ட சப்பாத்துத்தான்,” என்றான் வெய்ன். இனி மறைக்க என்ன இருக்கிறது? “இந்த நாத்தத்துக்கு வெக்கப்பட்டுத்தான் இவ்வளவு நாளும் உள்ளுக்கு வரேல்ல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சீதேவிப்பிள்ளை முந்தானையை மெல்ல இறக்கினாள். “எங்கட ஊட்டு மணத்துக்காக எண்டுதான் நாங்க நினைச்ச,” என்றாள். “கருவாட்டு மணத்துக்கு அரியண்டப்பட்டு, மூக்கைச் சுளிச்சுத்தான் பறங்கித் தம்பி படலையோட நிக்கிறார் எண்டு. நீங்க வார நேரத்துக்கு முன்னம் கருவாட்டுத் தட்டெல்லாத்தையும் பின்வளவுக்குத் தூக்கிற. இவள் மீன் மணம் போகத் தேசிக்காய்ப் புளி தேய்ச்சுத் தேய்ச்சு, கையைப் பாருங்க.”

சுலோஜனா கைகளைப் பின்னால் மறைத்தாள். ஆனால் வெய்ன் கண்டுவிட்டான். விரல்களெல்லாம் வெடித்திருந்தன. தினமும் அந்தக் கையால்தான் இறாலும் தேத்தண்ணியும் வாங்கினான். தன் காலையே நினைத்துக்கொண்டிருந்தவன் அவள் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. அழுகை வந்தது, சீனி வியாதிக்காரன் அழக்கூடாது என்று எந்த டாக்குத்தரும் சொல்லவில்லை.

“சுலோஜனாவை எனக்குத் தாங்க,” என்றான்.

அருமைநாயகம் தொண்டையைச் செருமினார். “எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதான் பொண் ஊட்டுக்கு வந்து குடியிரிக்கிற. தெரியுந்தானே?”

“ஓம்.”

“இதுவும் வருமா?” என்று பூனையின் வாயில் இருந்ததைக் காட்டினார்.

சுலோஜனா பூனையிடமிருந்து சப்பாத்தைப் பறித்துக்கொண்டு, படியடியில் கிடந்த மற்றதையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். கருவாட்டுத் தட்டை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவாறு, “மற்றப் பக்கத்தைப் பிடிங்களன்,” என்று கூப்பிட்டாள்.

வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பிடித்தான். இரண்டு பேருமாகத் தட்டைப் பழையபடி முன் முற்றத்துக்குக் கொண்டுவந்து, படலைக்கு நேரே வைத்தார்கள். கருவாட்டுக்குப் பக்கத்தில் அவள் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

உள்ளே அருமைநாயகம் பனிச்சங்கேணிக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.