லொக் எடுத்தாச்சு

கற்பிட்டிப் பக்கத்து இறால் பண்ணைக்குக் கணினியைக் கொண்டுவந்தவள் ருஷ்தா. ஆகவே கணினி நின்றால் பழியும் அவள் தலையில்தான் விழும். அன்று காலை சிலாபத்து வீட்டில் பாணைக் கறியில் தொட்டு வாயில் வைக்கப் போன நேரம் பார்த்து, முதலாளி இஸ்ஸதீன் ஹாஜியார் அழைத்தார்.

"மெஷின் நிண்டுட்டு மகள். மூணு மணிக்கு இறால் வாங்குற ஆக்கள் வாராங்க. தண்ணிட உப்பு, சூடு எல்லாம் ஸ்கிரீன்ல ஓடுறதக் கண்ணால பாக்கணுமாம். அதுக்குள்ள ஓடல்லயெண்டா, அந்தப் பொட்டியோட சேத்து நீங்களும் வீட்டுக்குப் போகலாம்."

மகள் என்று வாயாரச் சொல்லிக்கொண்டே வேலையைப் பறிக்க ஹாஜியாரால்தான் முடியும். வீட்டில் சண்டை பிடித்துச் சேர்ந்த வேலை. பாணை அப்படியே வைத்துவிட்டு ருஷ்தா பஸ் ஏறினாள்.

வந்து பார்த்தால், டிஸ்கில் ஊசி குத்த இடமில்லை. முழுவதையும் விழுங்கியிருந்தது லொக் கோப்பு. குளங்களிலிருந்து வரும் ஒவ்வொரு அளவும் முதலில் அதில்தான் எழுதப்படும். தினமும் அதை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டால் உள்ளே இடம் விடுபடும். எடுக்காவிட்டால் பருத்துக்கொண்டே போகும். அதற்கென வாங்கிய கறுப்பு டிஸ்கை எந்நேரமும் செருகி வைத்தால் தேய்ந்துவிடும் என்பது ஹாஜியாரின் கட்சி. அதனால் கையால் எடுக்கும் பொறுப்பை மேற்பார்வையாளர் முத்தலிபுவிடம் தொலைபேசியில் ஒப்படைத்திருந்தாள்.

முத்தலிபு சொன்ன சொல் பிசகாத மனிதர். கொப்பியில் நாற்பத்தொரு நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கு நேரே, "லொக் எடுத்தாச்சு" என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார். ஆனால் அலுமாரியில் இருந்த கறுப்பு டிஸ்கின் பொலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"முத்தலிபு நானா, எடுத்த லொக்க எங்க வெச்சீங்க?"

"இந்தா, இந்த ஆணியிலதான்."

ஆணியில் கணினி அறைக் கதவின் பூட்டு தொங்கியது.

"ஒவ்வொரு நாளும் பன்னெண்டுக்கு எடுப்பன். அரை மணித்தியாலத்தால திரும்பப் போடுவன். நீங்கதானே மகள் சொன்னீங்க, லொக்க எடுக்காட்டி உள்ளுக்கு வீங்குமெண்டு? உப்புக் காத்துக்குக் கதவு வீங்குறது எனக்குத் தெரியாதா?"

ருஷ்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. தான் சொன்ன லொக் பூட்டல்ல, கணினிக்குள் இருக்கும் பதிவுக் கோப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள்.

"எழும்பவும் ஏலாத வேல இரிக்கி. முடியிற வரைக்கும் ஆரையும் உள்ளுக்கு உடாதீங்க நானா."

கறுப்பு டிஸ்கைச் செருகிப் பிரதி எடுக்கத் தொடங்கினாள். அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. மணி ஒன்றரை, இரண்டு, இரண்டேகால். யன்னலால் எட்டிப் பார்த்த முத்தலிபு கேட்டார்.

"முடிஞ்சி எண்டு காட்டுது. ஆனா லொக் கோப்பு அதே பருமன்தானே இரிக்கி?"

"தண்ணிய இறைச்சா குளம் சின்னதாகுமா நானா? உள்ளுக்குத்தான் வெறுமையாகும்."

டிஸ்க் மூச்சுவிட வேண்டுமே என்று, இந்த ஒரு தடவைக்கு மட்டும் கோப்பையும் சுருக்கினாள். ஒட்டச் சுருக்கவில்லை, நாளைக்கும் அது எழுத இடம் வேண்டும். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் திரையில் இலக்கங்கள் ஓடத் தொடங்கின. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வாசலில் வாகனம் வந்து நின்றது. ஹாஜியாரின் சிரிப்பும் சப்பாத்துச் சத்தங்களும் நெருங்கி வந்தன. ருஷ்தா ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. ஆரையும் உள்ளே விடவேண்டாம் என்றாளே. சொன்ன சொல் பிசகாத மனிதர் வெளியே பூட்டிவிட்டிருந்தார்.

"முத்தலிபு நானா! லொக்க எடுங்க!"

பட்டுத் தெளிந்தவரின் நிதானத்தோடு வெளியிலிருந்து முத்தலிபுவின் குரல் வந்தது.

"எந்த லொக், மகள்?"