எலும்பு கவ்வும் வரை

தையல்கடையில் மகராசியைப் பல்லுக்கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையெட்டும் தூரத்தில் கத்திரி கிடந்தாலும் நூலை முன்பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். அந்தப் பல் எப்போதோ செத்துப்போய், வேருக்கடியில் தாடை எலும்பைக் கரைத்துக்கொண்டு ஒரு நீர்க்கட்டி வளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்க்கும்வரை அவளுக்கு அது தெரியாது.

பல் டாக்டர் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். போன தடவை ஊசியைக் கண்டதும், மேலே போர்த்திய பச்சைத் துணியோடு தெருமுனைவரை ஓடியவள்.

"கட்டியை எடுக்கிற அன்னிக்கே புதுப் பல்லுக்கான திருகையும் எலும்புல வச்சுடுங்க டாக்டர். எனக்கு ஒரு தடவைக்குத்தான் தைரியம் இருக்கு. மறுபடி வரமாட்டேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"வைக்கலாம். ஆனா கட்டி போனதுக்கப்புறம் மிச்ச எலும்பு திருகைக் கவ்வணும். கவ்வலைன்னா வைக்கமாட்டேன்" என்றார் டாக்டர். அந்த டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை.

"கவ்வும்" என்றாள் இவள், தன் எலும்பைக் கேட்டுவிட்டு வந்தவள் மாதிரி.

கட்டியை எடுக்கிற அன்றைக்கு அவள் புருஷன் அறைக்கு வெளியே கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இந்தத் தடவை ஓடுறதுன்னா என்னைத் தாண்டித்தான் ஓடணும்."

ஊசியைக் கண்டும் அவள் ஓடவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பல் வந்தது. கட்டியும் கிழியாமல் முழுசாக வந்தது. வலி இல்லை, அழுத்தம் மட்டும்தான். பிறகு திருகு இறங்கியது. மரை தேய்ந்த திருகு பிடிப்பில்லாமல் சுற்றுவதை மெஷினில் எத்தனையோ தடவை விரலால் உணர்ந்திருக்கிறாள். இப்போது அதைத் தாடையில் உணர்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எடுத்துவிடாதீர்கள் என்று திறந்த வாயோடு முனகிக் கெஞ்சினாள்.

"புரியுதுக்கா. ஆனா இப்படியே விட்டா இது ஆடி விழுந்துடும், இருக்கிற எலும்பையும் கெடுத்துடும்." டாக்டர் திருகைக் கழற்றிவிட்டு, புது எலும்பு வளர, குழியில் எலும்புத்தூளை நிரப்பித் தையல் போட்டார்.

வெளியே வந்தவளின் சிவந்த கண்ணைப் பார்த்ததுமே புருஷனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "போகட்டும் விடு. ஒரு பல் இல்லாட்டி குடியா முழுகிடும்? வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் அவரை ஒதுக்கிவிட்டு டாக்டரிடமே திரும்பினாள். பஞ்சைக் கடித்தபடி, மரத்துப்போன உதட்டால் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

"எலும்பு எப்ப ஊறும்?"

"ஆறு மாசம் ஆகும்."

"அன்னிக்குக் காலையில முதல் ஆளா என்னைப் போடுங்க. பயந்துக்கிட்டேதான் வருவேன். ஆனா வருவேன்."