அரைமண்டியில் நிற்க ஒரு பொம்மை

எனக்கு நாட்டியம் தெரியாது. ஒரு அடவு கூடத் தெரியாது. அரைமண்டியில் நிற்க மட்டும் தெரியும். குதிகால்களை ஒட்டி, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டிகளை இரண்டு பக்கமும் மடக்கி, முதுகு வளையாமல் பாதி உயரத்துக்கு இறங்கி அப்படியே நிற்க வேண்டும். மேடையில் ஆடுகிற பெண்கள் அப்படி நின்றால் கைதட்டுவார்கள். நான் நின்றால், கொஞ்சம் நிமிர்ந்த மறுநிமிடமே கெண்டைக்காலில் ஸ்கேலால் ஒரு தட்டு விழும்.

தட்டுவது என் அம்மா கலைமணி. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால், எங்கள் வீட்டு முன்னறையில் பரதநாட்டிய உடை தைக்கிறாள். சிவராத்திரி நெருங்க நெருங்க நாட்டியாஞ்சலிக்கு ஆட வருகிறவர்களின் துணி கட்டில் மேலும் ஃப்ரிட்ஜ் மேலும் ஏறிவிடும். உடையில் எல்லோரும் பார்ப்பது முன்பக்கத்து விசிறியைத்தான். நிற்கும்போது அது மடிந்து கிடக்கும். ஆடுகிறவள் அரைமண்டிக்கு இறங்கினால் விரியும். இறுக்கமாகத் தைத்தால் மேடையிலேயே கிழியும், தளர்வாகத் தைத்தால் துவண்டு தொங்கும். அதனால் அம்மா அளவை நம்புவதில்லை. வெட்டிய துணியை ஒரு ஆள் மேல் சுற்றி, அந்த ஆளை அரைமண்டியில் நிற்க வைத்து, ஒவ்வொரு மடிப்பாக ஊசி குத்துவாள். நான் ஒன்பதாவது படித்த காலத்திலிருந்து அந்த ஆள் நான்தான். குண்டான பெண்ணின் உடை என்றால் என் இடுப்பில் துண்டுகளைச் சுற்றிக் கட்டுவாள். ஒல்லியான பெண் என்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாள். மாடிப்படி ஏறினால் என் முட்டி சத்தம் போடுகிறது. எனக்கு வயது இருபத்திரண்டு.

போன மாதம் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு சந்தோஷம்தான். தெருவில் நாலு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, இனிமேல் உனக்கு நிற்க யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"வேல முடிஞ்சு எட்டு மணிக்கு வந்துடுவ இல்ல? வந்து நில்லு," என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளி வைத்தேன். பகலெல்லாம் லேபில் நின்றுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, வீட்டில் அரைமண்டியில் நிற்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். துணிக்கடையில் இருப்பது போல ஒரு பொம்மை வாங்கிக்கொள் என்றேன். கடைப் பொம்மை விறைத்துக்கொண்டுதானே நிற்கும், அதன் கால் மடங்குமா என்று கேட்டாள். மடங்குகிற மாதிரி நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா சிரித்தாள். "அரமண்டில நிக்கிற பொம்மையக் கொண்டா. அப்புறம் உன்னக் கூப்புட்டா ஏன்னு கேளு."

வேலையில் சேர மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பொம்மை நிற்க வேண்டும், இல்லையென்றால் நான் நிற்க வேண்டும்.

கடலூர் முதுநகரில் அம்மாவின் தம்பி கண்ணாயிரம் மாமா பைக் மெக்கானிக். அவரிடம் போனேன். மாமாவுக்கு உதவி செய்வதில் குறை வைக்கத் தெரியாது, நாம் சொல்வதைக் கடைசி வரை கேட்கத்தான் தெரியாது. பிளாஸ்டிக் பைப், கதவுக் கீல், போல்ட் என்று எல்லாவற்றையும் பரப்பிப் போட்டு, ஒரே நாளில் இரண்டு கால் செய்து கொடுத்தார். நான் பாதி விளக்குவதற்குள் அவர் பாதி செய்து முடித்திருந்தார். கால்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய கடைப் பொம்மை ஒன்றின் மார்புப் பகுதியை அதன் மேல் மாட்டி, பாதங்களை ஒரு பலகையில் திருகி, முட்டிகளை மடக்கினேன். இரண்டு முட்டியும் முன்னால் மடங்கின. நாற்காலியில் உட்கார வந்த விருந்தாளி போல இருந்தது.

"இது ஆட வந்த பொண்ணு இல்லடி. பஸ்ஸுல சீட்டு புடிக்க வந்தது," என்றாள் அம்மா.

முட்டி பக்கவாட்டில் போக வேண்டுமென்றால் தொடை இடுப்பிலிருந்தே வெளியே திரும்ப வேண்டும். எத்தனையோ வருடமாக அப்படி நிற்கிற எனக்கே அது தோன்றவில்லை. மாமாவுக்கு போன் செய்து திட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், அப்போ பின்னால் ஒரு கம்பம் நட்டு அதோடு கட்டிவிடு என்று யோசனை சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். கம்பத்தை எங்கே விடுவது, பட்டில் ஓட்டை போட்டா என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. உடையின் கீழ்ப்பாகம் பைஜாமா போலக் கால்களுக்கு நடுவிலும் முதுகுப் பக்கமும் மூடி வரும். கம்பத்துக்கு அங்கே இடமே கிடையாது.

மறுபடி கடலூர், மறுபடி சாக்கு. கண்டக்டர் கேட்காமலே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இந்த முறை இடுப்பில் போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டுத் தொடை வெளியே திரும்பும்படி செய்தோம். முட்டி பக்கவாட்டில் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நிமிடம் பொம்மை வழுக்கிக்கொண்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தது. முட்டியில் நட்டை இறுக்கினேன். கொஞ்ச நேரம் நின்று இறங்கியது. இன்னும் இறுக்கினேன், பைப் விரிசல் விட்டது. பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு இரும்புப் பைப் போட்டோம். அதில் பொம்மையின் கனமும் ஏறிவிட்டதால் இன்னும் சீக்கிரமாக இறங்கியது. மாமாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னும் ரெண்டு வாஷர் போடும்மா."

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் நன்றாகப் பேசவில்லை. தோழி பவானி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது அவளிடமும் வள்ளென்று விழுந்தேன். பொம்மையைப் பார்த்தாலே உதைக்க வேண்டும் போல இருந்தது. ஒரு தடவை உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

வாஷர்களை அடைத்து ஒருவழியாக அது நின்றது. காலையிலிருந்து மத்தியானம் வரை அசையவில்லை. வேண்டுமானால் துணியைச் சுற்று என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கோலாலம்பூர் பெண் ஒருத்தியின் மயில்கழுத்து நிறப் பட்டை எடுத்துச் சுற்றி மடிப்பு வைக்கத் தொடங்கினாள். வெறும் பொம்மையாக நின்றது வேறு, மேலே துணியின் கனமும் அம்மாவின் கை அழுத்தமும் சேர்ந்தபோது நடந்தது வேறு. விசிறியில் பாதி மடிப்புக்கு ஊசி குத்தி முடித்திருந்தாள். வலது முட்டி நழுவியது. பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பட்டு கிழிகிற சத்தம் கேட்டது.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மடிப்புக்குள் மறைத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, என்னைப் பார்த்துத் தரையைக் காட்டினாள். நான் போய் நின்றேன். பக்கத்தில் பொம்மை குப்புறக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாயந்தரம் வரை நின்றேன். என் தொடை நடுங்கியபோது ஸ்கேலால் ஒரு தட்டு விழுந்தது. வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் கடைசியாக ஒரு தடவை முதுநகர் போனேன். பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லத்தான் போனேன். மாமா ஒரு வாடிக்கையாளரின் பைக் முன்னால் குந்தியிருந்தார். கியர் லீவர் உயரமாக இருக்கிறது, கால் எட்டவில்லை என்று அந்த ஆள் சொன்னார். மாமா ஒரு போல்ட்டைத் தளர்த்தி லீவரை வெளியே இழுத்து, கொஞ்சம் கீழே திருப்பி மறுபடி சொருகி போல்ட்டை இறுக்கினார். அந்த ஆள் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார். லீவர் அசையவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். லீவரின் துளைக்குள் சுற்றிலும் பல், அது மாட்டுகிற தண்டின் மேலும் சுற்றிலும் பல். பல்லோடு பல் கடித்துக்கொண்டால் எங்கே வழுக்கும்?

"மாமா, இது இத்தன நாளா இங்கதான் இருந்துச்சா?"

"இது பைக்குக்கு உள்ளதும்மா," என்றார் மாமா, நான்தான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது போல.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கழித்துப் போட்ட லீவர்களும் தண்டுகளும் அவர் கடை மூலையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. தண்டைத் தொடைப் பைப்பிலும் லீவரைக் கால் பைப்பிலும் வெல்டிங் வைக்கச் சொன்னேன். இந்த முறை பக்கத்திலேயே நின்று, அவர் வாயைத் திறக்கும் முன்பே வாஷர் வேண்டாம் என்றேன். முட்டியில் போல்ட்டைத் தளர்த்தி, பல்லை வெளியே இழுத்து, வேண்டிய அளவு மடக்கி, மறுபடி சொருகி இறுக்கினோம். மாமா பொம்மையின் தோளைப் பிடித்துத் தொங்கினார். முட்டி நின்றது.

இடுப்பு மட்டும் குறையாகவே இருந்தது. நீண்ட நேரம் அரைமண்டியில் வைத்தால் இடுப்பு போல்ட் மெல்ல வளைந்தது. அதைச் சரிசெய்ய நேரமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மாவுக்கு வேறு குறை. தலையில்லாத முண்டத்துக்குப் புதுத் துணி சுற்ற மாட்டாளாம், விளக்கு வைக்கிற வீடாம். போன தடவை சுற்றினாயே என்றேன். அதனால்தான் கிழிந்தது என்றாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மாமா கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ஹெல்மெட்டைக் கழுத்தில் கவிழ்த்தேன். அம்மா அதற்கு ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகு அவளை உட்கார வைத்து, ஸ்பேனரைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தேன். "ஒரு காபி குடிக்கிற நேரத்துக்கு மேல இத அரமண்டில வைக்காதம்மா, இடுப்பு போயிடும். ரெண்டு முட்டியையும் லூஸ் பண்ணி, பல்ல வெளிய இழுத்து நிமித்திடு. கொஞ்ச நேரம் விட்டுட்டு திரும்ப மடக்கிக்கோ." அவள் தலையாட்டினாள். கேட்டுக்கொண்டாள் என்று நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வேலைக்குப் போட்டுப்போகிற சுடிதார்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அம்மா மாம்பழ நிறப் பட்டு ஒன்றைப் பொம்மைக்குச் சுற்றி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது விழும் என்றுதான் பார்த்தேன். விசிறி அழகாக விரிந்து நின்றது. அம்மா பாதியில் நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்தாள். ஒரு முட்டியைத் தளர்த்தினாள், அடுத்த முட்டியைத் தளர்த்தினாள், துணி கசங்காமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு பொம்மையை மெதுவாக நிமிர்த்தினாள். அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மடக்கி, இறுக்கி, மடிப்பைத் தொடர்ந்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி ஸ்பேனர்.

மூன்றாவது தடவை அவள் அதை நிமிர்த்தியபோது என்னால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த சுடிதாரைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்து போனேன்.

"என்னைய ஒரு நாளாவது இப்படி நிமித்தி விட்டிருக்கியாம்மா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாயில் ஊசிகள் இருந்ததால் பல்லைக் கடித்தபடியே பேசினாள். "நீதானடி சொன்ன, இது விழுந்துடும்னு."

"அப்ப நானு?"

"நீ விழ மாட்டியே," என்றாள்.

அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். என் மகள் எதற்கும் அசைய மாட்டாள் என்று நாலு பேரிடம் சொல்கிற அதே குரல். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூன்று வாரமாக நான் பைப்போடும் போல்ட்டோடும் மாரடித்தது விழாத ஒன்றைச் செய்வதற்கு. விழுகிற ஒன்றாகச் செய்ததால்தான் அதற்கு ஓய்வு கிடைத்தது.

"நான் எத்தன தடவ விழப் போனேன் தெரியுமா? நீ தட்டுவன்னு விழல," என்றேன்.

அம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். வேலை பாதியில் இருக்கும்போது அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் முட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த ஸ்கேலை எடுத்து மெஷினுக்கு அடியில் தள்ளினாள். ஹெல்மெட் போட்ட பொம்மை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கால் நீட்டி நிமிர்ந்து நின்றது.

"நாளைக்கி எந்த பஸ்ஸுக்குப் போற?" என்று கேட்டாள்.

ஆறரை மணி பஸ் என்றேன்.

"அதுல உக்கார எடம் கெடைக்குமா?"

அந்த பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். சிதம்பரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது, அவளுக்கும் தெரியும்.

"கெடைக்கும்மா," என்றேன்.